50 வெள்ளிப் படகும் ஒரு கடல் சட்டமும்: டோரி கேன்யன் விபத்து, 1967

'எண்ணெய்க் கசிவு' என்று கரும்பலகையில் தலைப்பு எழுதிப் போட்டால் நம் மாணவர்கள் என்ன எழுதுவார்கள் என்பது ஆசிரியர்களாகிய உங்களுக்கு நன்றாகத் தெரியும். கடல் மாசுபடும், மீன்கள் சாகும், பறவைகள் சாகும், மக்களிடம் விழிப்புணர்வு வேண்டும். அவ்வளவுதான், பேனா நின்றுவிடும். எழுதியதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் சுத்தம் செய்ய யார் காசு கொடுத்தார்கள், வழக்கு எந்த நாட்டில் நடந்தது, கப்பல் யாருடையது என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பு அமைதியாகிவிடும். இந்தக் கேள்விகளுக்கு விடை தேடப் போனால் 1967-இல் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையோரம் நடந்த ஒரு விபத்தில்தான் போய் நிற்போம். அந்தக் கதையின் ஒரு முக்கியமான காட்சி நம் பக்கத்தில், சிங்கப்பூர்த் துறைமுகத்தில் நடந்தது. அதனால் இதை நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள இன்னொரு காரணமும் இருக்கிறது.

முதலில் கப்பல் யாருடையது என்று பார்ப்போம். டோரி கேன்யன் 1959-இல் அமெரிக்காவில் கட்டப்பட்டது. பிறகு ஜப்பானில் அதை வெட்டி நீட்டி, கொள்ளளவை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கினார்கள். நீளம் 297 மீட்டர். உரிமையாளர் பெர்முடாவில் பதிவான பாராகுடா டாங்கர் என்ற நிறுவனம். அதற்குப் பின்னால் இருந்தது கலிபோர்னியாவின் யூனியன் ஆயில். கப்பலில் பறந்தது லைபீரியக் கொடி. மாலுமிகள் இத்தாலியர்கள். விபத்து நடந்த பயணத்துக்குக் கப்பலை வாடகைக்கு எடுத்திருந்தது பிரிட்டிஷ் பெட்ரோலியம். எண்ணெய் குவைத்தில் ஏற்றப்பட்டது. ஒரே கப்பலில் எத்தனை நாடு என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். பின்னால் வழக்கு ஏன் அவ்வளவு சிக்கலானது என்பது இப்பவே புரிந்துவிடும்.

சுமார் 119,000 டன் கச்சா எண்ணெயோடு ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு, வேல்ஸ் நாட்டின் மில்ஃபர்ட் ஹேவன் துறைமுகத்துக்கு அது வந்துகொண்டிருந்தது. அவ்வளவு ஆழம் அமிழ்ந்த கப்பல் அந்தத் துறைமுகத்துக்குள் நுழைய வேண்டுமென்றால் உயர்ந்த கடலேற்றம் வேண்டும். மார்ச் 18, சனிக்கிழமை இரவு அப்படி ஒரு கடலேற்றம் இருந்தது. அதைத் தவறவிட்டால் 24-ஆம் தேதி வரை வெளியே காத்துக் கிடக்க வேண்டியதுதான். தலைவர் பாஸ்ட்ரெங்கோ ருஜியாட்டி அவசரப்பட்டதற்கு இதுதான் காரணம். சில்லித் தீவுகளின் மேற்குப் பக்கமாகச் சுற்றிப் போகாமல், அந்தத் தீவுகளுக்கும் 'செவன் ஸ்டோன்ஸ்' பாறைத் திட்டுக்கும் இடையே இருந்த இடுக்கு வழியில் கப்பலை விட்டார். கடைசி நேரத்தில் திருப்பப் பார்த்தபோது சுக்கான் அசையவில்லை. அதை இயக்கும் நெம்புகோல் தவறான நிலையில் இருந்தது. கண்டுபிடித்துச் சரி செய்வதற்குள் காலம் கடந்துவிட்டது. காலை 9 மணிக்குச் சற்று முன்பு, ஏறத்தாழ 16 நாட் வேகத்தில், கப்பல் பாறையில் ஏறி நின்றது.

லைபீரிய நாட்டு விசாரணை பழி முழுவதையும் தலைவர் மேல் போட்டது. அவர் உரிமமும் போனது. அவர் செய்தது தவறுதான், மறுக்க முடியாது. ஆனாலும் விசாரணையை நடத்தியது கப்பலுக்குக் கொடி கொடுத்த நாடு என்பதை மாணவர்களுக்குச் சொல்லுங்கள். கப்பலை வெட்டி நீட்டியவர்கள், கடலேற்றத்துக்கு ஏற்பப் பயண அட்டவணை போட்டவர்கள், இவர்களைப் பற்றி யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. ஒரு மனிதனைக் குற்றவாளியாக்கிவிட்டால் மற்றவர்களுக்கு நிம்மதி.

பிரிட்டன் அரசு முதல் ஒரு வாரம் ஏன் கையைக் கட்டிக்கொண்டு இருந்தது? இதற்கும் சட்டத்தில்தான் விடை இருக்கிறது. அக்காலத்தில் பிரிட்டனின் கடல் எல்லை 3 மைல். பாறைத் திட்டு அதற்கு வெளியே. அனைத்துலகக் கடலில் நிற்கும் வேற்று நாட்டுக் கப்பல். அதை ஒரு நாடு தன் விருப்பத்துக்கு உடைக்கலாமா, எரிக்கலாமா? தெளிவான விதி எதுவும் கிடையாது. டச்சு மீட்புக் குழு ஒன்று கப்பலை இழுத்துக் காப்பாற்ற முயன்றது. கப்பலுக்குள் நடந்த வெடிப்பில் அந்தக் குழுவின் தலைவர் இறந்துபோனார். மார்ச் 26 அன்று கப்பல் நடுவில் முறிந்தது. அதற்குப் பிறகுதான் பிரதமர் ஹெரால்ட் வில்சன் அரசு துணிந்தது. (வில்சனுக்கே சில்லித் தீவில் ஒரு வீடு இருந்தது என்பது உபரித் தகவல்.) மார்ச் 28 தொடங்கி மூன்று நாட்கள் போர் விமானங்கள் கப்பல் மேல் குண்டு போட்டன. எண்ணெய்க்குத் தீ வைத்துவிடலாம் என்பது திட்டம். அசையாமல் நிற்கும் கப்பலைக்கூட முதல் நாள் பல குண்டுகள் தவறவிட்டன. மண்ணெண்ணெயும் நாபாமும் ஊற்றித்தான் எரிய வைக்க முடிந்தது.

அதற்குள் கார்ன்வால் கடற்கரைக்கு எண்ணெய் வந்துவிட்டது. ஆயிரக்கணக்கான கடற்பறவைகள் செத்தன. பாடநூலில் வருவது இதுவரைதான். நான் உங்களை நிறுத்தி யோசிக்கச் சொல்வது அடுத்து நடந்ததைப் பற்றி.

எண்ணெயைக் கரைக்க சுமார் 10,000 டன் சலவைத் திரவம் கொட்டப்பட்டது. வீட்டில் பாத்திரம் கழுவும் சவர்க்காரம் மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். கப்பல் எந்திர அறையில் பிசுக்கைப் போக்கப் பயன்படும் வகை அது. அதில் கலந்திருந்த கரைப்பான் உயிர்களுக்கு நஞ்சு. சுற்றுலாப் பருவம் தொடங்குவதற்குள் மணல் வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்ற அவசரத்தில், இராணுவ வீரர்கள் பீப்பாய் பீப்பாயாகப் பாறை மேல் ஊற்றினார்கள். பாறையில் தொப்பி மாதிரி ஒட்டிக்கொண்டு பாசியை மேய்கிற சின்ன நத்தை வகை ஒன்று உண்டு. எண்ணெய் பட்டும் அவற்றில் பல பிழைத்தன. திரவம் பட்ட இடத்தில் கூட்டமாக உதிர்ந்துபோயின. மேய ஆள் இல்லாததால் பாறை முழுக்கப் பச்சைப் பாசி படர்ந்தது. அதன் பின் பழுப்புக் கடற்பாசி. அங்கே பழைய நிலை திரும்பப் பத்து ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. கடல்நாய்களுக்குத் தீங்கு வரும் என்று திரவம் தெளிக்காமல் விட்ட காட்ரெவி பகுதியோ இரண்டு மூன்று ஆண்டுகளில் தேறிவிட்டது.

இதை நாம் அறிவது பிளிமத் நகரின் கடல் உயிரியல் ஆய்வகத்தால். அங்கிருந்த அறிவியலாளர்கள் கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கடற்கரைக்கு ஓடினார்கள். மறு ஆண்டே புத்தகமாக வெளியிட்டார்கள். 'மனிதனின் தலையீடு' என்று மாணவர்கள் எழுதும்போது, வெறும் சொல்லாக இல்லாமல் இந்த எடுத்துக்காட்டோடு எழுதச் சொல்லுங்கள். பிரான்சு நாட்டார் சுண்ணப் பொடி தூவி எண்ணெயைக் கடலடியில் அமிழ்த்தப் பார்த்தார்கள். கெர்ன்சி தீவில் அள்ளிய எண்ணெயை ஒரு பழைய கல்லுடைப்புக் குழியில் ஊற்றினார்கள். 40 ஆண்டு கழிந்தும் அந்தக் குழியில் எண்ணெய் கிடந்தது.

சரி, செலவுக் கணக்குக்கு வருவோம். கப்பல் முதலாளி தரப்பு அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே 1851-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. விபத்துக்குப் பிறகு கப்பலில் என்ன மிச்சம் இருக்கிறதோ, அதன் மதிப்பு வரைக்கும்தான் முதலாளிக்குப் பொறுப்பு. டோரி கேன்யனில் மிச்சம் என்ன? ஓர் உயிர்காப்புப் படகு. மதிப்பு 50 அமெரிக்க வெள்ளி! இரண்டு நாட்டுக் கடற்கரைக்கு 50 வெள்ளி. பாய்மரக் கப்பல் காலத்தில், வணிகர்கள் ஒரே புயலில் போண்டியாகாமல் இருக்க எழுதிய சட்டம், எண்ணெய்க் கப்பல் காலத்தில் இப்படி வந்து முடிந்தது.

பிரிட்டன் வேறு வழி தேடியது. அதே பாராகுடா நிறுவனத்துக்கு லேக் பலூர்ட் என்ற உடன்பிறப்புக் கப்பல் இருந்தது. கடல் சட்டத்தில் ஒரு வசதி உண்டு: குற்றம் செய்த கப்பல் கையில் அகப்படவில்லையா, அதே முதலாளியின் இன்னொரு கப்பலைப் பிடித்து வைக்கலாம். ஆனால் அது உங்கள் நீதிமன்ற எல்லைக்குள் வர வேண்டும். பிரிட்டன் காத்திருந்தது. நான்கு மாதம் கழித்து, 1967 ஜூலையில், லேக் பலூர்ட் உணவுப் பொருள் ஏற்றச் சில மணி நேரம் சிங்கப்பூரில் நின்றது. உள்ளூர் சட்ட நிறுவனத்தைச் சேர்ந்த ஓர் இளம் வழக்கறிஞர் படகில் போய் ஏறினார். விஸ்கி விற்க வந்தவர் என்று நினைத்து மாலுமிகள் அவரை மேலே விட்டுவிட்டார்களாம்! அவர் நேராகப் போய் நீதிமன்ற ஆணையைப் பாய்மரக் கம்பத்தில் ஒட்டினார். கப்பல் சிறைப்பட்டது. 3 மில்லியன் பவுண்டுக்கு உத்தரவாதம் கொடுத்த பிறகே புறப்பட முடிந்தது. செய்தி அறிந்து பிரெஞ்சுத் தரப்பும் மோட்டார் படகில் துரத்தியது. எட்டிப் பிடிக்க முடியவில்லை. மறு ஆண்டு ராட்டர்டாமில் அதே கப்பலை அவர்களும் மடக்கினார்கள்.

1969 நவம்பரில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. 3 மில்லியன் பவுண்டு, இரு நாட்டுக்கும் சரிபாதி. 50 வெள்ளியோடு ஒப்பிட்டால் இது பெரிய வெற்றிதான். ஆனால் அந்தக் கப்பல் சிங்கப்பூரில் நிற்காமல் போயிருந்தால்? ஒரு நாட்டின் இழப்பீடு இப்படி அதிர்ஷ்டத்தில் தொங்கக் கூடாது என்பது அன்றே பலருக்குப் புரிந்தது.

அதே நவம்பர் 29 அன்று பிரசல்சில் இரண்டு அனைத்துலக உடன்படிக்கைகள் உருவாயின. தேர்வு எழுதுபவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒன்று, தன் கடற்கரைக்கு ஆபத்து வந்தால் எல்லைக்கு வெளியிலும் ஒரு நாடு தலையிடலாம் என்றது. வில்சன் அரசு தயங்கிய இடம் இதுதான். மற்றது இழப்பீடு பற்றியது. யார் கவனக்குறைவு என்று நிரூபிக்கத் தேவையில்லை. போர் போன்ற சில விதிவிலக்குகள் நீங்கலாக, எண்ணெய் கசிந்தால் கப்பல் முதலாளி பொறுப்பு. 2,000 டன்னுக்கு மேல் எண்ணெய் ஏற்றும் கப்பலுக்குக் காப்புறுதி கட்டாயம். தொகைக்கு ஒரு மேல்வரம்பு வைத்தார்கள். அது போதாமல் போனால் உதவ, எண்ணெய் வாங்குபவர்கள் பணம் போடும் பொதுநிதி ஒன்றை 1971-இல் தனி உடன்படிக்கையாகச் சேர்த்தார்கள். மேல்வரம்பு வைத்தது முதலாளிகளுக்குக் கொடுத்த சலுகை என்றே நான் சொல்வேன். அது இல்லாமல் கப்பல் தொழில் நாடுகள் கையெழுத்துப் போட்டிருக்குமா என்பதும் நியாயமான கேள்விதான். வகுப்பில் விவாதிக்க நல்ல இடம் இது.

உடன்படிக்கை இருந்தால் போதாது, நாடு அதில் சேர்ந்திருக்க வேண்டும். இதற்கு நம் கடலிலேயே சான்று உண்டு. 1997 அக்டோபர் 15 அன்று, சிங்கப்பூர் நீரிணையில் எவோய்கோஸ் என்ற எண்ணெய்க் கப்பலும் ஒராபின் குளோபல் என்ற கப்பலும் மோதின. 28,000 டன்னுக்கு மேல் கன எரியெண்ணெய் கடலில் கொட்டியது. முதலில் சிங்கப்பூரின் தென் தீவுகள் பாதிக்கப்பட்டன. டிசம்பரில் சிலாங்கூர்க் கரையிலும் எண்ணெய்த் திட்டுகள் ஒதுங்கின. அப்போது மலேசியாவும் இந்தோனேசியாவும் 1971 பொதுநிதியில் உறுப்பு நாடுகள். சிங்கப்பூர் 1969 உடன்படிக்கையில் மட்டும் இருந்தது, நிதியில் சேரவில்லை. ஒரே கப்பலின் எண்ணெய்தான். கப்பல் முதலாளியின் மேல்வரம்பைத் தாண்டிய இழப்புக்கு மலேசியாவும் இந்தோனேசியாவும் அந்த நிதியின் கதவைத் தட்டலாம். அதிக எண்ணெயைத் தாங்கிய சிங்கப்பூருக்கு அந்தக் கதவு இல்லை.