அப்பரின் சூலை, நம் வீட்டு வலி

கீழ்வேளூர் கேடிலியப்பர் மேல் அப்பர் பாடிய தாண்டகம் 6-ஆம் திருமுறையில் இருக்கிறது. எங்கள் ஊருக்கு அது பெருமை. ஆனால் எங்கள் வீட்டில் அதிகம் கேட்டது 4-ஆம் திருமுறையின் முதல் பதிகம்தான்.

7-ஆம் நூற்றாண்டில் மருள்நீக்கியார் சமணத்தில் சேர்ந்து தருமசேனர் ஆனார். சூலை நோய் கண்டது. மந்திரம் எதுவும் பலிக்கவில்லை. தமக்கை திலகவதியாரைத் தேடி வந்து, திருவதிகையில் பாடினார், வலி தீர்ந்தது என்கிறார் சேக்கிழார்.

அந்தப் பதிகத்தில் குடலை முறுக்கும் வேதனையும், அறியாமல் செய்த கொடுமைகளை நினைத்த நடுக்கமும் வெளிப்படையாக இருக்கின்றன. அதனால்தான் யார் பாடினாலும் அதிலுள்ள 'நான்' அவரவராகவே ஆகிவிடுகிறது. வயிற்றுவலி என்றால் இது. கண் நோய் என்றால், பார்வை இழந்து காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மறு கண்ணும் பெற்ற சுந்தரர் பதிகங்கள். என் அம்மா டாக்டர் மாத்திரையையும் போட்டுக்கொள்வார், பத்துப் பாட்டையும் முணுமுணுப்பார்.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். 1873-இல் சிறைக்குப் போன வெர்லேன் அங்கே மனம் கசிந்து எழுதியவற்றையும் படித்தோம். பரீட்சையோடு சரி. வலி வந்தபோது யாரும் அதைப் பாடி நான் கேட்டதில்லை.

கடைசி நாட்களில் அம்மாவால் வாய் திறக்க முடியவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து பாடினேன். வலி அவருடையது, 'நான்' என்று சொன்னது என் வாய். பத்தாம் பாட்டு முடியுமுன் கண்ணயர்ந்தார்.