லான்சியா ஸ்ட்ராடோஸ் ஜீரோ

லான்சியா ஸ்ட்ராடோஸ் ஜீரோ என்பது இத்தாலியின் பெர்ட்டோனே நிறுவனம் 1970 ஆம் ஆண்டு உருவாக்கிய கருத்துருத் தானுந்து ஆகும். இதனை வடிவமைத்தவர் மார்ச்செல்லோ காந்தினி (1938–2024). அவ்வாண்டு தூரின் தானுந்துக் கண்காட்சியில் இது முதன்முதலாகக் காட்சிக்கு வைக்கப்பட்டது. உயரம் 84 செ.மீ. மட்டுமே. தாழ்வான உருவத்துக்காகவே பெயர் பெற்ற போர்டு ஜிடி40 பந்தய உந்து கூட இதனைவிட ஏறத்தாழ 17 செ.மீ. உயரமானது.

பின்னணி

தானுந்து நிறுவனம் தரும் அடிச்சட்டத்தின் மீது மேற்கூட்டை வடிவமைத்துக் கட்டித் தருவது இத்தாலியில், குறிப்பாகத் தூரின் நகரைச் சுற்றி, தனித் தொழிலாக வளர்ந்தது. ஜொவான்னி பெர்ட்டோனே 1912 இல் தொடங்கிய பட்டறையை அவர் மகன் நூச்சியோ பெர்ட்டோனே பெருநிறுவனமாக வளர்த்தார். இத்தகைய நிறுவனங்களுக்குக் கண்காட்சி உந்துகள் வெறும் அலங்காரம் அல்ல. அடுத்த ஒப்பந்தத்தைத் தேடித்தரும் விளம்பரமும் அவையே.

லான்சியாவின் வேலை நெடுங்காலமாகப் போட்டியாளரான பினின்பரீனாவிடமே பெரிதும் சென்று வந்தது. 1969 இல் லான்சியாவை பியட் வாங்கியது. பந்தயங்களில் லான்சியா ஓட்டி வந்த புல்வியா கூபேக்கோ வயதாகிக்கொண்டிருந்தது. வாய்ப்பு இருப்பதை உணர்ந்த பெர்ட்டோனே, லான்சியா கேட்காமலேயே அதன் பெயரில் ஓர் உந்தைக் கட்டினார்.

வடிவமைப்பு

காந்தினி 1968 இல் ஆல்பா ரோமியோவின் அடிச்சட்டத்தில் வரைந்த கராபோவிலேயே ஆப்பு வடிவத்தைக் கையாண்டிருந்தார். ஜீரோவில் அதனை எல்லை வரை கொண்டு சென்றார். மூக்கு நுனியிலிருந்து கூரை வரை ஒரே சாய்தளம்; நீளம் சுமார் 3.58 மீட்டர்.

பக்கக் கதவுகள் கிடையா. முகப்புக் கண்ணாடியே கதவு. மேற்புறக் கீலில் அது உயர்ந்து திறக்க, உந்தின் மூக்கின் மீது கால் வைத்து ஏறி உள்ளே இறங்க வேண்டும். அதற்கு வழிவிடத் திசைமாற்றித் தண்டு முன்னோக்கி நகரும். இருவரும் ஏறக்குறைய படுத்த நிலையில் முன் சக்கரங்களுக்கு அருகே அமர்வர். அளவுமானிகள் ஓட்டுநரின் எதிரே இல்லாமல் பக்கவாட்டில் உள்ளன. பின்னால் வருவதைப் பார்ப்பது பற்றி வடிவமைப்பாளர் அதிகம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

புல்வியா எச்எப் உந்தின் 1584 கன செ.மீ. வி4 பொறி இதில் பொருத்தப்பட்டது. திறன் சுமார் 115 குதிரைத்திறன். புல்வியாவில் முன்னே இருந்து முன் சக்கரங்களை இயக்கிய பொறி, இங்கு இருக்கைகளுக்குப் பின்னே இருந்து பின் சக்கரங்களை இயக்கியது. அதன் மீது முக்கோண வடிவ மூடி உண்டு. முன்விளக்குகள் மூக்கின் விளிம்பில் மெல்லிய கோடாக வரிசையாக அமைந்துள்ளன.

தடுப்புக் கம்பத்தின் கீழ்

அக்காலக் கண்காட்சி உந்துகளில் பல, தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தப்படும் வெற்றுக் கூடுகளே. ஜீரோ ஓடக்கூடியது, அதன் வரலாற்றை மாற்றியதும் அதுவே. லான்சியா அதிகாரிகள் பேச்சுக்கு அழைத்தபோது நூச்சியோ பெர்ட்டோனே இதனைச் சாலையில் தானே ஓட்டிச் சென்றார். தொழிற்சாலை வாயிலில் தடுப்புக் கம்பம் உயர்த்தப்படும் வரை காத்திராமல் அதன் கீழாகவே உள்ளே நுழைந்ததாகக் கூறப்படுகிறது. 84 செ.மீ. உயரத்துக்கு இது நம்பத்தகாத செய்தியன்று.

இதன் பயனாக லான்சியா பந்தயப் பிரிவின் தலைவர் சேசரே பியோரியோவின் தேவைகளுக்கேற்பப் புதிய உந்து ஒன்று உருவானது. பெர்ராரியின் டினோ வி6 பொறியுடன் ஸ்ட்ராடோஸ் எச்எப்பின் முன்மாதிரி 1971 இல் தூரினில் காட்டப்பட்டது. பெயரும் நடுப்பொறி அமைப்பும் தொடர்ந்தன. கதவுகள் பக்கவாட்டுக்கே திரும்பின. ஏறத்தாழ 500 மட்டுமே கட்டப்பட்ட ஸ்ட்ராடோஸ் எச்எப், 1974, 1975, 1976 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் லான்சியாவுக்கு உலக ரேலி வாகையர் பட்டத்தை ஈட்டித் தந்தது. முதல் உந்தை அதனின்று வேறுபடுத்தவே ஜீரோ என்ற பெயர் பயன்படுகிறது.

1988 இல் வெளிவந்த மூன்வாக்கர் திரைப்படத்தில் மைக்கேல் ஜாக்சன் உருமாறும் உந்து இதனை ஒத்தது.

விற்பனை

ஜீரோ நாற்பது ஆண்டுகள் பெர்ட்டோனேயிடமே இருந்தது. தானுந்து நிறுவனங்கள் வடிவமைப்பையும் சிறு எண்ணிக்கை உற்பத்தியையும் தாமே செய்யத் தொடங்கியதால், வெளியாரிடம் கூடு கட்டும் தொழில் நலிந்தது. கடன் நெருக்கடிக்கு ஆளான பெர்ட்டோனேயின் ஆறு உந்துகள் 2011 மே மாதம் கோமோ ஏரிக்கரையிலுள்ள வில்லா தெஸ்தேயில் ஏலத்துக்கு வந்தன. 1967 ஆம் ஆண்டின் லம்போர்கினி மார்சால் சுமார் 15 லட்சம் யூரோவுக்கு விலைபோனது. ஜீரோவுக்குக் கிடைத்தது 7,61,600 யூரோ. ஒப்பந்தம் தேடிக் கட்டப்பட்ட உந்து, இறுதியில் கடனுக்காக விற்கப்பட்டது.

அப்பணமும் நிறுவனத்தைக் காப்பாற்றவில்லை. 2014 இல் பெர்ட்டோனே நொடித்தது. எஞ்சிய 79 வாகனங்களை 2015 இல் இத்தாலியப் பழந்தானுந்துக் கழகமான ஏஎஸ்ஐ ஒரே தொகுதியாக வாங்கியது. அவற்றுள் பல பின்னர் மிலான் அருகே மால்பென்சா விமான நிலையத்தை ஒட்டிய வோலாண்டியா அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. முன்னரே விற்கப்பட்டுவிட்டதால் ஜீரோ அத்தொகுப்பில் இடம்பெறவில்லை.