கண்ணாடித் தொட்டியுள் ஒரு குளம்: நீர்த்தாவர வளர்ப்பின் வரலாறு

குளத்திலே ஆம்பலும் கொட்டியும் வேலம்பாசியும் தாமே முளைத்துத் தாமே தழைக்கின்றன. அவற்றை நட்டவரும் இலர். அவற்றுக்கு உரமிட்டவரும் இலர். ஆயின், அக்குளத்துச் செடிகளுள் ஒன்றை வேரோடு எடுத்துத் தெளிந்த நீர் நிறைந்த கண்ணாடித் தொட்டியில் நட்டால், பெரும்பாலும் சில வாரங்களுள் அதன் இலை மஞ்சளிக்கின்றது, தண்டு மெலிகின்றது, இழைப்பாசி படர்ந்து செடியை மூடுகின்றது. நீர் இருக்கின்றது, ஒளி இருக்கின்றது, மீனும் இருக்கின்றது. அங்ஙனமிருந்தும் செடி மடிவதேன்? எளிதாகத் தோன்றும் இவ்வினாவுக்கு விடைகாண அறிஞர்க்கு இரு நூற்றாண்டுகளுக்கு மேற் சென்றன. ஒவ்வொரு காலத்தவரும் தாம் கண்ட விடையே முற்றுப்பெற்றதென நம்பினர். பின்வந்தோர், முன்னோர் எண்ணாது விட்ட ஒன்று தொட்டியினுள்ளே இருந்ததைக் கண்டனர். அவ்வாறு எண்ணப்படாதவை ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட்ட வரலாறே நீர்த்தாவர வளர்ப்பின் வரலாறாகும்.

அழகின் பொருட்டு மீனைக் கலங்களில் வளர்க்கும் வழக்கம் பழமையானது. சீன தேசத்தார் பொன்மீன்களைப் பல நூற்றாண்டுகளாகக் குளங்களிலும் மட்கலங்களிலும் வளர்த்து வந்தனர். எனினும், கலத்து நீரை அடிக்கடி மாற்றினாலன்றி மீன் உயிர்வாழாது என்பதே அக்காலத்தார் கண்ட அனுபவம். மாற்றாத நீர் ஏன் கெடுகின்றது என்பதை அறிவதற்கு, முதலிற் காற்றின் இயல்பை அறிதல் வேண்டியிருந்தது.

அவ்வறிவுக்கு வித்திட்டவர் ஆங்கில அறிஞரான யோசேப்பு பிரீஸ்த்லி. 1771 ஆம் ஆண்டில், மெழுகுதிரி எரிந்து அணைந்தமையாற் கெட்ட காற்றுள்ள கலத்தினுள்ளே அவர் புதினாச் செடியொன்றை வைத்தார். சில நாட்களின் பின்னர் அக்காற்றிலே மெழுகுதிரி மீண்டும் எரியக் கண்டார். கெட்ட காற்றைச் செடி திருத்துகின்றது என்பது இதனாற் புலனாயிற்று. 1779 ஆம் ஆண்டில் ஒல்லாந்து தேசத்து மருத்துவரான யான் இங்கென்ஹவுஸ், நீரில் அமிழ்த்திய இலைகளிலிருந்து வெயிலிலே குமிழிகள் எழுவதையும், இருளில் அவ்வாறு எழாமையையும் நோக்கினார். செடியின் பசிய பகுதிகளே, அதுவும் ஒளியிலே மாத்திரமே, ஒட்சிசனை வெளிவிடுகின்றன என அவர் நிறுவினார். இருளிலே செடியும் காற்றைக் கெடுக்கின்றது என்பதையும் அவர் மறைத்தாரல்லர். பின்னர் 1782 ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்து அறிஞரான செனெபியே, இத்தொழிலுக்குக் காபனீரொட்சைட்டு இன்றியமையாதது எனக் காட்டினார்.

இவ்வுண்மைகளைத் தொட்டியொன்றில் ஒருங்கே சோதித்தவர் இலண்டன் மாநகரின் இரசாயன அறிஞரான றொபேட் வாரிங்டன். 1849 ஆம் ஆண்டு மே மாதத்தில், ஏறத்தாழ 12 கலன் கொள்ளும் கண்ணாடிக் கலமொன்றில் மணலும் சேறும் சுண்ணக்கற் துண்டுகளும் இட்டு, இரு சிறு பொன்மீன்களை விட்டு, வலிசுனேரியா என்னும் நீர்ச்செடியை நட்டார். மீன் வெளிவிடும் காபனீரொட்சைட்டைச் செடி ஏற்கும். செடி வெளிவிடும் ஒட்சிசனை மீன் ஏற்கும். நீரை மாற்ற வேண்டியதில்லை என்பது அவர் கருத்து. சில காலம் யாவும் நன்றாகவே நடந்தன. பின்னர், செடியின் முதிர்ந்த இலைகள் அழுகி நீரைக் கலக்கின. மீன்களின் உயிருக்கும் ஊறு நேரும் போலாயிற்று. குளத்திலே இவ்வழுகலை அகற்றுவது யாது என ஆராய்ந்த வாரிங்டன், குளத்து நத்தைகள் சிலவற்றைக் கொணர்ந்து தொட்டியில் விட்டார். அவை அழுகிய இலைகளைத் தின்றன, நீர் தெளிந்தது, அவற்றின் முட்டைகள் மீனுக்கு உணவாயின. இருவர் வாழ்க்கையென எண்ணிய இடத்தில் மூன்றாவது துணையொன்று வேண்டியிருந்தது. இதனை அவர் 1850 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இலண்டன் இரசாயனக் கழகத்தின் முன்னிலையில் எடுத்துரைத்தார்.

காலமும் இம்முயற்சிக்குத் துணைநின்றது. பிறித்தானியாவிற் கண்ணாடிக்கு விதிக்கப்பட்டிருந்த வரி 1845 ஆம் ஆண்டில் நீக்கப்பட்டமையாற் கண்ணாடி மலிந்தது. 1853 ஆம் ஆண்டில் இலண்டன் விலங்கினப் பூங்காவில் மீன்காட்சிச் சாலை திறக்கப்பட்டது. மறு ஆண்டில் பிலிப் கென்றி கொஸ் என்னும் இயற்கை அறிஞர் நீர்த்தொட்டி பற்றி எழுதிய நூல் பரவவே, வரவேற்பறை தோறும் தொட்டி வைத்தல் நாகரிகமாயிற்று. செடியும் மீனும் அளவாக அமைந்தால் தொட்டி தன்னைத் தானே பேணிக்கொள்ளும் என்ற ‘சமநிலைத் தொட்டி’க் கொள்கை வேதவாக்குப் போல ஏற்கப்பட்டது. ஆயின், வாங்கியோருட் பலர் கண்டது சமநிலையன்று; பச்சை நீரும் செத்த மீனுமே. சில ஆண்டுகளில் அம்மோகம் தணிந்தது.

இக்கொள்கையின் குறை யாது? அமெரிக்க மீனியல் அறிஞரான ஜேம்ஸ் ஆட்ஸ் 1949 ஆம் ஆண்டில், சமநிலைத் தொட்டி என்பது வெறும் கட்டுக்கதையே என எழுதினார். தொட்டி நீர் ஒட்சிசனைப் பெறுவதும், மிகுந்த காபனீரொட்சைட்டை இழப்பதும் பெரும்பாலும் நீர்மட்டத்தின் வழியாகவே நிகழ்கின்றன. செடியில்லாத தொட்டியிலும் மீன் வாழக்கூடும். செடி செறிந்த தொட்டியிலும் இரவிலே மீன் மூச்சுத் திணறக்கூடும். இதனாற் செடியின் பெருமை குன்றியதாகச் சிலர் கருதலாம். உண்மை அதுவன்று. அதுகாறும் செடி, மீனுக்குக் காற்றளிக்கும் கருவியாகவே மதிக்கப்பட்டது. அதுவும் பசியுடைய உயிர் என்பதை எண்ணியவர் சிலரே.

செடியின் பசியைப் பற்றிய அறிவு அக்காலத்தில் இல்லாமலில்லை. செடிக்கு வேண்டிய உணவுகளுள் எது மிகக் குறைந்துள்ளதோ அதுவே வளர்ச்சியின் எல்லையை வகுக்கும் என்னும் விதியை ஜேர்மனி அறிஞரான ஸ்பிரெங்கலும் அவரையடுத்து லீபிக்கும் வாரிங்டனின் பரிசோதனைக்கு முன்னரே கூறியிருந்தனர். வெளிறிய இலைகள் இரும்புச் சத்தினாற் பசுமை பெறுவதைப் பிரான்சு தேசத்துக் கிறி 1843 ஆம் ஆண்டிற் காட்டினார். மண்ணின்றி, உப்புக்கள் கரைந்த நீரிலேயே செடியை வளர்க்கலாம் என்பதைச் சாக்ஸ் 1860 ஆம் ஆண்டில் மெய்ப்பித்தார். கழனியாளர் இவ்வறிவாற் பயன்பெற்றனர். தொட்டியாளரோ நெடுங்காலம் அதனை நாடினாரல்லர்.

இங்கே தந்தையும் மைந்தரும் சார்ந்த செய்தியொன்று கருதத்தக்கது. தொட்டி கண்ட வாரிங்டனின் மைந்தர் பெயரும் றொபேட் வாரிங்டனே. அவர் இங்கிலாந்தின் றொதம்ஸ்ரெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் மண்ணை ஆராய்ந்தவர். மண்ணிலுள்ள அமோனியா நைத்திரேற்றாக மாறுவது நுண்ணுயிர்களின் செயலே எனப் பிரான்சு அறிஞரான சுலோசிங்கும் முன்ற்சும் 1877 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மைந்தர் வாரிங்டன் அதனை உறுதிப்படுத்தியதோடு, அம்மாற்றம் இரு படிகளில் நிகழ்வதையும் காட்டினார். மீனின் கழிவிலிருந்து பிறக்கும் நஞ்சாகிய அமோனியாவைச் செடி உண்ணத்தக்க நைத்திரேற்றாக மாற்றுவன இத்தகைய நுண்ணுயிர்களே. நத்தையைக் கண்டுகொண்ட தந்தையின் தொட்டியிலே, அவர் கண்ணுக்குப் புலப்படாத நான்காவது துணை மணலிலும் சேற்றிலும் தொழில் செய்துகொண்டிருந்தது. அதன் இயல்பை மைந்தர் வயல் மண்ணில் ஆராய்ந்தார்.

எஞ்சியிருந்த புதிர் காபன் ஆகும். காபனீரொட்சைட்டு காற்றிற் பரவுவதிலும் ஏறத்தாழப் பதினாயிரம் மடங்கு மந்தமாகவே நீரிற் பரவும். ஆதலின், அசையாத நீரிலுள்ள செடி உணவின் நடுவே இருந்தும் பட்டினி கிடக்கக்கூடும். வலிசுனேரியா நீரிற் கரைந்துள்ள இருகாபனேற்றிலிருந்தும் காபனைப் பெற வல்லது. வன்னீரில் இருகாபனேற்று மிகுதி. தொட்டியிலிட்ட சுண்ணக்கல்லும் அதற்குத் துணைசெய்வது. வாரிங்டனின் செடி செழித்தமைக்கு இவ்வியல்பும் ஒரு காரணமாதல் கூடும். அவ்வாற்றல் இல்லாத செடியைத் தெரிந்தவர் தோல்வியுற்றிருப்பர். 1938 ஆம் ஆண்டிற்குப் பின் குழல்விளக்குகள் பரவியபொழுது தொட்டியாளர் ஒளியைப் பெருக்கினர். காபனும் ஏனைய உணவுகளும் ஈடுகொடாமையாற் செடி வாட, எஞ்சிய ஒளியைப் பாசி பயன்படுத்திக்கொண்டது. ஒளியை மிகுத்தல் பசியை மிகுத்தலே என்பது அனுபவத்தால் உணரப்பட்டது. 1980 ஆம் ஆண்டுகளில் ஜேர்மனியிலும், அதனையடுத்து யப்பானியரான தகாசி அமானோவின் முயற்சியாலும், தொட்டி நீரிற் காபனீரொட்சைட்டை அளந்து செலுத்தும் முறை உலகெங்கும் பரவியது.

இவ்வரலாற்றில் இலங்கைக்கும் சிறப்பான பங்குண்டு. ஈரவலயத்தின் நிழலடர்ந்த ஓடைகளிலே கிரிப்தோகொரைன் என்னும் செடியினம் வளர்கின்றது. மறைந்த தண்டாயுதம் எனப் பொருள்படும் இக்கிரேக்கப் பெயர், மடலினுள் ஒளிந்திருக்கும் அதன் பூந்தண்டைக் குறிப்பது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் தலைவர்களாயிருந்த துவெயிற்சும் திறைமனும் இவற்றை ஆராய்ந்தனர். துவெயிற்சின் பெயரையே தாங்கும் இனம் 1857 ஆம் ஆண்டிலும், பெக்கற் என்பாரின் பெயர் தாங்கும் இனம் 1885 ஆம் ஆண்டிலும் விவரிக்கப்பட்டன. தொட்டியாளர் இன்று பெரிதும் விரும்பும் இனத்துக்கு, 1958 ஆம் ஆண்டில் ஒல்லாந்து அறிஞரான டி விற் என்பவர், நீர்த்தாவர நூலாசிரியரான வென்ற் என்பாரின் பெயரைச் சூட்டினார்.

இச்செடிகள் வளர்ப்போருக்குப் புதிய பாடம் புகட்டின. இவை குறைந்த ஒளியில் நிறைவுறுவன. வேரினாலும் உணவு கொள்வன. இடம் மாற்றினால் இலை முழுவதும் கூழாகிக் கரைந்துபோவன. செடி செத்ததென எண்ணிப் பிடுங்கி எறிந்தோர் பலர். பொறுத்திருந்தோர், எஞ்சிய கிழங்கிலிருந்து புதுத்தளிர் எழக் கண்டனர். பிறந்த ஓடையை அறியாது செடியைப் பேண முடியாது என்பதே அப்பாடம். தூர தேசத்தார் போற்றும் இவ்வினங்களுட் பல, காடழிதலாலும் ஓடைகள் மாசுறுதலாலும் அளவிறந்து பறித்தலாலும் பிறந்த மண்ணிலேயே அருகி வருகின்றன. இழைய வளர்ப்பு முறையாற் கண்ணாடிக் குப்பியிற் செடியைப் பெருக்கலாம். ஓடையைப் பெருக்குதல் எவராலும் ஆகாது.

1999 ஆம் ஆண்டில் அமெரிக்கரான டயானா வால்ஸ்ரட் என்னும் அம்மையார், வாயு செலுத்தாமலே தொட்டியை வளப்படுத்தும் வழியை நூலாக விளக்கினார். பரலின் அடியிலே தோட்டத்து மண் இட்டால், அதிலுள்ள சேதனப் பொருளை நுண்ணுயிர்கள் சிதைக்கும். அதனாற் காபனீரொட்சைட்டும் பிற உணவுகளும் செடிக்குக் கிட்டும். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர் வாரிங்டன் இட்ட சேறு, அவர் அறியாத காரணத்தோடு மீண்டும் தொட்டிக்கு வந்தது.

இன்று தொட்டியின் முன் நிற்கும் மாணவன், முதிர்ந்த இலை மஞ்சளித்தால் நைதரசன் குறைவோ எனவும், இளந்தளிர் நரம்பு மாத்திரம் பச்சையாய் நிற்க வெளிறினால் இரும்பு குறைவோ எனவும், பாசி படர்ந்தால் உணவுக்கு மிஞ்சிய ஒளியோ எனவும் வினவக் கற்றுள்ளான். சமநிலை என்பது ஒருமுறை அமைத்து விட்டுவிடும் பொருளன்று. நாடோறும் நோக்கிப் பேணும் ஒழுக்கமாகும். வாரிங்டனின் கொள்கை தவறியது. அவரின் முறையோ தவறவில்லை. நீர் கலங்கியபொழுது அவர் செடியைப் பழிக்கவில்லை. எண்ணாது விட்டது யாது எனக் குளத்தை நோக்கி வினவினார். அவ்வினாவைக் கைவிடாதவரையில் கண்ணாடித் தொட்டியினுள்ளும் ஒரு குளம் வாழும்.