சங்கிலியிலிருந்து சொல்லுக்கு

காய்ச்சல் கண்டவன் மருத்துவரிடம் செல்கிறான், எவரும் நகைப்பதில்லை. கால் முறிந்தவன் கட்டுப் போட்டுக்கொள்கிறான். எவரும் அவன் குடும்பத்தைப் பழிப்பதில்லை. மனம் முறிந்தவன் மட்டும் வாய் திறக்கக்கூடாது! திறந்தால் 'பைத்தியம்' என்பர், 'பேய் பிடித்தது' என்பர், 'தலையெழுத்து' என்பர். கணவனும் மனைவியும் பேசி ஆண்டுக்கணக்காகியிருக்கும். எனினும் 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்ற அச்சத்தால் கதவு சாத்தியே கிடக்கும். அந்தக் கதவை இன்று ஒரு கைப்பேசி திறக்கிறது. தொலைவிலிருக்கும் மனநல ஆலோசகரோடு, காணொளி வாயிலாக, தன் துயரை ஒருவர் பேசித் தீர்க்க முடிகிறது. இது திடீரென வந்த புதுமையன்று. இதற்கு ஒரு நெடிய வரலாறு உண்டு.

இராசபாளையத்தையும் திருவில்லிபுத்தூரையும் எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஒன்று நூற்பாலை ஊர். மற்றது கோபுர ஊர். இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி எங்கெங்கோ உள்ளவர்களின் புண்ணைக் கட்டுகிறது. மனப்புண்ணுக்குக் கட்டு எங்கே? திருவில்லிபுத்தூரிலோ, தன் உள்ளத்து ஏக்கத்தை ஒளிக்காமல் பாடிய ஆண்டாளுக்குத் திருவிழா எடுக்கிறார்கள், தேர் இழுக்கிறார்கள். அதே ஊரில் இன்றொரு பெண் தன் உள்ளத்தில் உள்ளதை உரக்கச் சொன்னால்? 'அடக்கமில்லாதவள்' என்று பெயர்! பாட்டுக்குப் பூமாலை, பேச்சுக்கு வாய்ப்பூட்டு — இது என்ன நீதி?

சென்னையில் மனநோயாளருக்கென முதல் விடுதி 1794-இல் தோன்றியது. வாலண்டைன் கானலி என்னும் மருத்துவர் அதை நடத்தினார். 1871-இல் அரசின் காப்பகம் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. 1922-இல்தான் அது 'மனநல மருத்துவமனை' என்னும் பெயர் பெற்றது. அதுவரை அடைத்து வைப்பதே பெரும்பணி. ஆற்றுவது அதற்குப் பின்புதான். தென்கோடியில் இருந்தவருக்கோ அதுவும் எட்டாத தொலைவு — 500 கிலோமீட்டருக்கும் மேல்! அருகில் இருந்தவை கோவிலும் தர்காவும், வேப்பிலையும் தாயத்தும், அடங்காவிட்டால் சங்கிலியும்.

அந்தச் சங்கிலி என்ன செய்தது? 2001 ஆகஸ்ட் 6. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி. மனநோயாளர் தங்க வைக்கப்பட்டிருந்த ஒரு கொட்டகையில் தீப்பற்றியது. ஓட இயலவில்லை, கால்களில் விலங்கு! 28 பேர் மாண்டனர். நெருப்பு வைத்த கை எதுவாயினும், கால்களைப் பிணைத்தது மூடநம்பிக்கையும் வறுமையும் அரசின் பாராமுகமும் அன்றோ? 1985-இல் விருதுநகர் மாவட்டம் பிரிக்கப்படும் வரை இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும் அதே இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவையே. ஏர்வாடி எங்கோ நடந்த கதையன்று. நம் வாசலில் நடந்தது.

2017-இல் இயற்றப்பெற்று 2018 மே திங்களில் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், எவரையும் எவ்வகையிலும் சங்கிலியால் பிணைக்கக்கூடாது என்றது. நோயாளர் சொன்னவை மறைவாகக் காக்கப்படவேண்டும் என்றது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் குற்றவாளியெனக் கொள்ளாமல், கடுந்துயரில் இருந்தவரெனக் கொள்ளவேண்டும் என்றது. இரும்பை அகற்றியது சட்டம். அதன் இடத்தில் வைக்கவேண்டியது எது? சொல்!

சொல்லால் ஆற்றும் முறைக்கும் வரலாறு உண்டு. 1880 முதல் 1882 வரை, வியன்னா நகரில் பிராயர் என்னும் மருத்துவர், துயருற்ற ஓர் இளம்பெண்ணைப் பேசவிட்டுக் கேட்டார். 'பேச்சு மருத்துவம்' என்ற பெயரை இட்டவர் மருத்துவரல்லர், அந்தப் பெண்ணே! 1895-இல் பிராயரும் பிராய்டும் சேர்ந்து அதை நூலாக்கினர். 1922-இல் கிரீந்திரசேகர் போஸ் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவினார்.

பின்னர் சொல் தொலைவைக் கடந்தது. 1953-இல் இலண்டனில் சாட் வரா, வாழ்வை வெறுத்தவர் தொலைபேசியில் அழைத்துப் பேச வழி செய்தார். 1959-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் இருவழித் தொலைக்காட்சி வாயிலாக மனநல மருத்துவம் நடந்தது. 1964-இல் 112 மைல் தொலைவிலிருந்த மருத்துவமனையோடும் அது இணைந்தது. நம் சென்னையில் 1986-இல் இலட்சுமி விஜயகுமார் 'சிநேகா' அமைப்பைத் தொடங்கினார். 2020-இல் தொலைமருத்துவத்துக்கான நெறிமுறைகளை இந்திய அரசு வெளியிட்டது. 2022 அக்டோபர் 10 அன்று 'டெலிமானஸ்' பிறந்தது: 14416 என்ற எண், இரவும் பகலும், கட்டணமின்றி, தமிழிலும்.

'குடும்பத் தகராறை அயலாரிடம் சொல்வதா? வீட்டுப் பெரியவர்கள் இல்லையா?' என்பர் சிலர். இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் தரும் தீர்ப்பு பெரும்பாலும் என்ன? 'பொறுத்துப் போ, அம்மா!' பொறுக்கவேண்டியவள் எப்போதும் பெண். காக்கப்படுவது எப்போதும் குலத்தின் பெருமை. திருமணம் வானுலகில் நிச்சயிக்கப்படுவதானால், அதில் வரும் துன்பமும் விதியாகிவிடும். விதியோடு யார் பேசமுடியும்? இதே மாவட்டத்துச் சுக்கிலநத்தத்தில் 1928-இல் பெரியார் தலைமையில் நடந்த சுயமரியாதைத் திருமணம், மணவாழ்வு என்பது இருவர் செய்துகொள்ளும் ஒப்பந்தம் என்றது. 1929-இல் செங்கற்பட்டு மாநாடு பெண்ணுக்கு மணவிலக்கு உரிமை கேட்டது. 1967-இல் அண்ணா ஆட்சியில் அத்தகைய திருமணத்துக்குச் சட்டம் வந்தது. இருவர் அறிந்து செய்த ஒப்பந்தத்தில் சிக்கல் வந்தால், இருவரும் அமர்ந்து பேசலாம், திருத்தலாம், தேவையெனில் பிரியலாம். நல்ல ஆலோசகர் அதற்குத் துணை நிற்பவர், தீர்ப்பளிப்பவரல்லர்.

அவர் செய்வது மந்திரமன்று. வாரந்தோறும் குறித்த நேரத்தில் முக்கால் மணியளவு கேட்கிறார், வினவுகிறார். எந்த எண்ணம் எந்தக் கோபத்தை மூட்டுகிறது என்று காணச் செய்கிறார். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடாமல் கேட்கப் பழக்குகிறார். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் இம்முறை நேரில் தருவதையொத்த பயனைப் பலருக்கு இணையவழியிலும் தருகிறது என்று ஆய்வுகள் கூறுகின்றன. ஆலைத் தொழிலாளிக்கு ஒருநாள் கூலி மிச்சம். மதுரைக்குச் செல்லும் பேருந்துக் கட்டணம் மிச்சம். மருத்துவமனை வாசலில் தெரிந்தவர் கண்ணில் படும் அச்சமும் இல்லை.

ஆயினும், பழைய பூசாரியை விட்டுப் புதிய பூசாரியிடம் விழுந்துவிடக்கூடாது! விளம்பரப் பலகை மாட்டியவரெல்லாம் உளவியலாளரல்லர். மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும், பதிவெண்ணைக் கேளுங்கள். சாதகம் கேட்பவரா? சாதி கேட்பவரா? 'அடித்தாலும் அனுசரித்துப் போ' என்பவரா? அக்கணமே இணைப்பைத் துண்டியுங்கள். வீட்டுக்கு ஒரே கைப்பேசி, அதுவும் கணவன் கையில் என்றால், மறைவு ஏது? பேசுவதற்குத் தனியிடம் முதலில் தேடவேண்டும். அடி உதை நடக்கும் வீட்டில் இணைந்து ஆலோசனை பெறுவது ஆபத்து. அங்கே தேவை 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டமும் 181 என்ற மகளிர் உதவி எண்ணும். குரல்கள் கேட்பதும், உறக்கம் முற்றாக அறுவதும் மருத்துவரை நேரில் காணவேண்டிய நிலை. 2022 முதல் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சாக எண்ணம் வந்தால் அடுத்த வாரச் சந்திப்புக்குக் காத்திராதீர், அந்நொடியே 14416!

இளைஞர்களே! ஏர்வாடியில் 28 பேரின் காலைப் பிணைத்தது இரும்பு. நம் வீடுகளில் நாவைப் பிணைப்பது நாணம். முன்னதைச் சட்டம் அறுத்தது. பின்னதைச் சட்டத்தால் அறுக்க இயலாது, நாம்தான் அறுக்கவேண்டும். படிப்பகத்துச் சுவரிலும் ஆலை வாயிலிலும் அந்த எண்களை எழுதி வையுங்கள். ஆலோசகரிடம் பேசுகிறேன் என்று நண்பன் சொன்னால் நகைக்காதீர். பல் வலிக்கு மருத்துவரைக் கண்டதாகச் சொன்னால் எப்படிக் கேட்பீர்களோ, அப்படிக் கேளுங்கள். தங்கை சொன்னால், 'யாரிடமும் சொல்லாதே' என்று அடக்காதீர். அவள் பேசுவதற்கு ஒரு கைப்பேசியும் ஒரு தனியறையும் ஒரு மணி நேரமும் தேடிக் கொடுங்கள். வீட்டுக்குள் நாம் தொடங்கவேண்டிய சீர்திருத்தம் அது!