சாட்சி

வடமொழி ‘சாக்ஷி’யிலிருந்து வந்த சொல். ‘அக்ஷி’ என்றால் கண்; கண்ணால் கண்டவரே சாட்சி. இதற்குப் பழந்தமிழில் ‘கரி’ என்று பெயர், குறளிலும் உண்டு.

நீதிமன்றத்துக்கு வெளியே இச்சொல் அதிகம் புழங்குவது தேவாலயங்களில்தான். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் ஒருவர் எழுந்து, “கர்த்தருக்கு ஸ்தோத்திரம்” என்று தொடங்கி, குடியை விட்டதையோ மகள் பிழைத்ததையோ நாத்தழுதழுக்கச் சொல்வார். அதுதான் ‘சாட்சி சொல்லுதல்’. கத்தோலிக்கர் ‘சான்று பகர்தல்’ என்பர்.

புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் ‘மார்ட்டிஸ்’. முதலில் சாட்சி என்றே பொருள். விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவர்களையும் பின்னர் குறித்தது. தமிழில் அவர்கள் வேதசாட்சிகள், இரத்தசாட்சிகள், மறைசாட்சிகள். 1752இல் ஆரல்வாய்மொழியருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டு, 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் பிள்ளை மறைசாட்சியே. இவ்வளவு கனமான சொல் இது!

யோவான் நற்செய்தியில் பார்வை பெற்ற குருடர், தமக்கு நடந்ததைச் சொல்கிறார். பரிசேயரின் குறுக்குக் கேள்விகளுக்கு அசையவில்லை. சாட்சிக்கு அதைவிட நல்ல இலக்கணம் கிடையாது. சாட்சி சொல்ல எழுபவர்களே, பிரசங்கம் வேண்டாம், கண்டதைச் சொல்லுங்கள்.