நெறியாளர் பீபர்மனும் ‘மண்ணின் உப்பு’ம்

அரசனின் சினத்துக்கு ஆளான புலவன் நாட்டை விட்டு நீங்கிய கதைகள் நம்மிடையே பல உள. கம்பர் சோழ மன்னனோடு பிணங்கிச் சென்றார் என்னும் செவிவழிக் கதையை அறியாதார் சிலரே. அத்தகைய கதைகளில் ஆணையிட்டவன் யார் என்பது தெளிவு. அமெரிக்கத் திரைப்பட நெறியாளர் ஹேர்பேர்ட் பீபர்மன் என்பவருக்கு நேர்ந்ததோ வேறு வகையானது. அவர் படமெடுத்தலாகாது என்று சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை, அரசாணையும் பிறக்கவில்லை. ஆயினும் 1947ஆம் ஆண்டின் பின் ஹொலிவூட்டின் பெரிய படக்கம்பனிகளின் வாயில் அவருக்கு அடைபட்டுப் போயிற்று. அது எவ்வாறு அடைபட்டது என்பதே இன்று நாம் ஆராயும் பொருள்.

1900ஆம் ஆண்டிலே பிலடெல்பியா நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்த பீபர்மன், யேல் பல்கலைக்கழகத்தில் நாடகம் பயின்று, நியூ யோர்க் நாடக மேடையிற் பெயர் பெற்றபின் ஹொலிவூட்டுக்குச் சென்றவர். அவருடைய மனைவி கேல் சொண்டர்கார்ட், சிறந்த துணை நடிகைக்கான ஒஸ்கார் பரிசு முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர். பீபர்மன் அங்கு நெறிப்படுத்திய படங்கள் சிலவே. அவற்றைக் கொண்டு அவரை மாபெருங் கலைஞர் என்று கூறுதல் பொருந்தாது. கம்யூனிஸ்ட் கட்சியில் அவர் உறுப்பினராயிருந்தார் என்பதும் உண்மை. அக்கட்சி போற்றிய சோவியத் நாட்டிலே கலைஞர்கள் அக்காலத்திற் பட்ட துன்பத்தை அறிந்தோர் அவருடைய அரசியலை ஏற்காதிருக்கலாம். ஆனால் அன்று எழுந்த வினா, அவருடைய கொள்கை சரியா பிழையா என்பதன்று. அக்கொள்கையுடைய ஒருவர் தம் தொழிலைச் செய்யலாமா என்பதே.

1947 ஒக்டோபரில் வொஷிங்டனில், பிரதிநிதிகள் சபையின் அமெரிக்க விரோத நடவடிக்கைகள் பற்றிய விசாரணைக்குழு திரைப்படத் துறையினரை அழைத்து விசாரித்தது. நீர் கம்யூனிஸ்ட் கட்சியின் உறுப்பினரா, எப்போதேனும் உறுப்பினராயிருந்தீரா என்பது கேள்வி. வகுப்பறையிற் பல்லாண்டு கழித்த எம்போன்றோர் இத்தகைய கேள்வியின் அமைப்பை நன்கு அறிவோம். ஆம் என்றால் அடுத்து நண்பர்களின் பெயர்களைக் கூறவேண்டும். இல்லை என்பது பொய்ச்சாட்சியமாகும். பீபர்மனும் வேறு ஒன்பதின்மரும், பேச்சுரிமையைக் காக்கும் அரசியலமைப்பின் முதலாவது திருத்தத்தைச் சுட்டி, விடையளிக்க மறுத்தனர். இவர்களே ‘ஹொலிவூட் பதின்மர்’ எனப்படுவோர். நவம்பர் 24ஆம் திகதி சபை இவர்கள்மீது அவமதிப்புக் குற்றஞ் சுமத்தியது. அதே வேளையில் நியூ யோர்க்கின் வோல்டோர்வ் ஹொட்டேலிற் கூடிய படக்கம்பனி அதிபர்கள், இப்பதின்மருக்கும் இனி வேலையில்லை என அறிக்கை விடுத்தனர். கறுப்புப் பட்டியலின் தொடக்கம் இதுவே.

1950இல் உயர் நீதிமன்றம் மேன்முறையீட்டை விசாரிக்க மறுக்கவே, பீபர்மன் ஆறு மாதத் தண்டனை பெற்று டெக்சாஸ் மாநிலத்துச் சிறைக்குச் சென்றார். அதே அளவு தண்டனை பெற்ற மற்றொரு நெறியாளர் எட்வேட் டிமிட்ரிக், 1951இற் குழுவின்முன் மீண்டுந் தோன்றிப் பிறரின் பெயர்களைக் கூறி, தம் தொழிலுக்குத் திரும்பினார். பீபர்மன் அவ்வழியை நாடவில்லை. ஒன்றை இங்கே குறிப்பிடாமல் விடமுடியவில்லை: விசாரணைக்குழுவின் தலைவராயிருந்த பார்னெல் தோமஸ், அலுவலகச் சம்பளப் பணத்தில் மோசடி செய்தமைக்காகத் தண்டிக்கப்பட்டு, பதின்மருள் இருவர் அடைபட்ட அதே சிறையில் இருந்தார்!

விடுதலை பெற்ற பீபர்மன், தம்மைப் போலவே பட்டியலில் இடம்பெற்ற தயாரிப்பாளர் போல் ஜரிக்கோவுடனும் கதாசிரியர் மைக்கல் வில்சனுடனும் கூட்டுச் சேர்ந்தார். கதை அவர்களுக்கு நியூ மெக்சிக்கோவிலே கிடைத்தது. அங்கு ஹனோவர் என்னுமூரின் துத்தநாகச் சுரங்கத்தில், மெக்சிக்க வமிசத்துத் தொழிலாளர் 1950 ஒக்டோபர் முதல் வேலைநிறுத்தஞ் செய்துவந்தனர். வெள்ளையருக்கு ஒரு நடைமுறை, அவர்களுக்கு வேறொரு நடைமுறை. அவர்களின் குடியிருப்புகளிற் சுடுநீர்க் குழாயும் இல்லை. 1951 யூனில், சுரங்கத் தொழிலாளர் மறியல் செய்யலாகாதென நீதிமன்றம் தடைவிதித்தது. தடை தொழிலாளருக்குத்தானே, அவர்தம் மனைவியருக்கு இல்லையே! பெண்கள் மறியல் வரிசையில் நின்றனர். ஆண்கள் வீட்டிலே உடை தோய்த்துக் குழந்தைகளைப் பார்த்தனர். குழந்தைகளோடு சிறையில் அடைக்கப்பட்ட பெண்களும் பலர். நம் நாட்டு வழக்கில் ‘மறியல்’ என்ற சொல்லுக்குச் சிறை என்பதும் ஒரு பொருள். அப்பெண்கள் இரு பொருளிலும் மறியல் இருந்தனர்.

வில்சன் எழுதிய கதையைத் தொழிலாளர் குடும்பங்களிடம் வாசித்துக் காட்டி அபிப்பிராயங் கேட்டனர். கதாநாயகன் பிறன்மனை நாடுவதாகவும், கடைசிச் சம்பளத்திற் குடிப்பதாகவும் வந்த காட்சிகளை அவர்கள் ஆட்சேபித்தனர், அவை நீக்கப்பட்டன. கதாநாயகனாக நடித்தவர் சுரங்கத் தொழிற்சங்கத் தலைவர் ஹுவான் சக்கோன். பீபர்மன் முதலில் அவரிடத்து நம்பிக்கை கொள்ளவில்லை. பிறர் வற்புறுத்தலின் பின்னரே இணங்கினார். கதாநாயகி மெக்சிக்கோவின் றொசவுரா ரெவுவெல்டாஸ். ஏனையோருட் பெரும்பாலோர் அவ்வூர் மக்களே.

1953 பெப்ரவரியில், படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கையிலேயே, டொனால்ட் ஜக்சன் என்னும் பிரதிநிதி அப்படம் ரஷ்யாவின் ஆயுதமெனச் சபையில் முழங்கினார். சில நாட்களுள் ரெவுவெல்டாஸ் குடிவரவு அதிகாரிகளாற் கைதுசெய்யப்பட்டு, பின்னர் தாய்நாடு திரும்ப நேர்ந்தது. எஞ்சிய காட்சிகளிற் சிலவற்றை வேறொரு பெண்ணைத் தூரத்தே நிறுத்தியும், சிலவற்றை மெக்சிக்கோவில் இரகசியமாகவும் எடுத்தனர். ஊரிலே குண்டர்களின் தாக்குதல்கள், துப்பாக்கி வெடிகள்.

படக்கம்பனி அதிபர் ஹவார்ட் ஹியூஸ் ஜக்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். படச்சுருளைக் கழுவுதல், ஒலி சேர்த்தல், இசை பதித்தல், வெட்டி இணைத்தல் என ஒரு படம் கடந்துசெல்லும் நிலைகளை எல்லாம் எடுத்துரைத்து, இவ்வசதிகளைத் துறையினர் மறுத்துவிட்டாற் படம் முடிவுறாது என்று விளக்கிய கடிதம் அது. எத்துணை நுட்பமான யோசனை! அவ்வாறே நடந்தது. படக்கழுவு நிலையங்கள் மறுத்தன; வேறு பெயரிட்டுக் கழுவுவிக்க வேண்டியதாயிற்று. இணைப்பு வேலை இடத்துக்கிடம் ஒளித்து நடைபெற்றது.

1954 மார்ச்சில் நியூ யோர்க்கிற் படம் வெளியாயிற்று. ஆனால் வேறு நகரங்களிற் படங்காட்டுவோர் இயந்திரத்தை இயக்க மறுத்தனர். பத்திரிகைகள் விளம்பரம் ஏற்க மறுத்தன. கொட்டகைக்காரர் ஒப்பியபின் பின்வாங்கினர். அப்பெரிய நாட்டிலே அதனைத் திரையிட்ட கொட்டகைகள் ஏறக்குறைய ஒரு டசின் மாத்திரமே. அதே ஆண்டிற் செக்கோசிலோவாக்கியாவின் கார்லோவி வாரி விழாவில் அது உயர்ந்த பரிசைப் பகிர்ந்து பெற்றது.

கதாசிரியர் வில்சனின் பெயரை நாமும் நினைவிற் கொள்ளத் தக்க காரணமுண்டு. நம் நாட்டில் கித்துல்கலையிற் பாலங்கட்டிப் படமாக்கிய ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் படத்தின் திரைக்கதை, அவரும் பட்டியலில் இருந்த கார்ல் போர்மனும் எழுதியது. அதற்குரிய ஒஸ்கார் பரிசு 1958இல் மூலநாவலாசிரியரான பிரெஞ்சுக்காரர் பியர் பூலுக்கு அளிக்கப்பட்டது. உரியவரின் பெயர் ஏற்கப்பட்டது, 1978இல் வில்சன் காலமானபின்.

பீபர்மன் குழுவினர் 1956இல் வழக்குத் தொடர்ந்தனர். படக்கம்பனிகளும் பிறரும் சதிசெய்து தம் படத்தைத் தடுத்தனர் என்பது முறைப்பாடு. எட்டாண்டின்பின், 1964இல், யூரிமார் எதிராளிகளின் பக்கமே தீர்ப்பளித்தனர். ஒவ்வொருவரும் தத்தம் விருப்பின்படி மறுத்தார்கள் என்று கூறும்போது, சதி என்பதை எங்ஙனம் நிறுவுவது? மறுத்த கைகள் பல; ஆணையிட்ட கை எதுவென்று காட்ட முடியவில்லை. பீபர்மன் அவ்வரலாற்றை எல்லாம் 1965இல் நூலாக வெளியிட்டார். 1969இல் ‘அடிமைகள்’ என்னும் ஒரு படத்தை எடுத்தார். இருபதாண்டு திரையிற் தோன்றாதிருந்த அவர் மனைவியும் அதில் நடித்தார். 1971இல் அவர் காலமானார்.

சக்கோன் சுரங்க வேலைக்கும் தொழிற்சங்கப் பணிக்கும் திரும்பியிருந்தார். ரெவுவெல்டாசுக்குத் தாய்நாட்டிலும் படவாய்ப்புகள் அருகின. 1992ஆம் ஆண்டிலே, பாதுகாக்கத் தக்க அமெரிக்கத் திரைப்படங்களின் தேசியப் பதிவேட்டில் ‘மண்ணின் உப்பு’ சேர்க்கப்பட்டது. அப்பதிவேட்டைப் பேணுவது கொங்கிரஸ் நூலகம். பீபர்மனைச் சிறைக்கு அனுப்பிய அதே கொங்கிரசின் நூலகம்.