கொடுத்ததா, கொடுக்கப்போவதா?

ஒரு பத்திரத்தின் தலைப்பில் ‘உயில்’ என்று இருப்பதால் மட்டும் அது உயில் ஆகிவிடாது. எழுதியவர் உயிரோடு இருக்கும்போதே உரிமை கைமாறிவிட்டதா, அல்லது அவர் மூச்சு நின்ற பிறகுதான் மாறுமா என்பதைத்தான் நீதிமன்றங்கள் பார்க்கின்றன. இறந்த பிறகு நடைமுறைக்கு வரவேண்டும் என்று தன் சொத்தைப் பற்றி ஒருவர் தெரிவிக்கும் விருப்பமே உயில் என்கிறது 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். அதை அவர் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். டிரஸ்டில் சொத்து இன்னொருவர் பொறுப்புக்குப் போகிறது; அவர் அதை வேறொருவருக்காக, குறித்த காரியத்துக்காக வைத்து நடத்தவேண்டும். தமிழ்நாட்டில் இந்த இரண்டில் பழையது இரண்டாவதுதான். உயில் பின்னால் வந்தது. அது இங்கே காலூன்றியதற்கும் தர்மக் காரியங்களே பெரிதும் துணைநின்றன என்பது என் கருத்து.

சோழர் கல்வெட்டுகளைப் பாருங்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் நந்தாவிளக்கு எனும் அணையாவிளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள். அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கவேண்டும். சாவா மூவாப் பேராடு என்று அவற்றைக் குறித்தார்கள்: ஆடு செத்தாலும் கிழண்டாலும் மந்தை குறையக்கூடாது, அதாவது முதல் அழியக்கூடாது. கொடுத்தவர், பொறுப்பேற்றவர், குறித்த காரியம் மூன்றும் கல்லிலேயே இருக்கின்றன. கொடை கொடுத்தவர் உயிரோடு இருக்கும்போதே நடக்கிறது. இதற்கு மாறாக, ‘என் காலத்துக்குப் பின் இன்னாருக்கு’ என்று எழுதும் வழக்கத்துக்குத் தர்மசாஸ்திரத்தில் இடமே இல்லை. கூட்டுக் குடும்பத்தில் பங்கு பிறப்பால் வந்தது. ஒருவர் இறந்தால் அது மற்றப் பங்காளிகளிடம் போனது. எழுதிவைக்க அவரிடம் தனியாக என்ன இருந்தது?

கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்த துபாஷிகளிடம் இருந்தது. அவர்களில் ஒருவர், கம்பெனி வியாபாரத்தில் சுயமாகச் சம்பாதித்த பச்சையப்ப முதலியார், 1794 மார்ச்சில், சாவதற்குச் சில நாட்கள் முன்பு உயில் எழுதிக் கோயில் தர்மங்களுக்குப் பெரும் பணத்தை ஒதுக்கினார். தர்மம் ஒழுங்காக நடக்கவில்லை. வழக்கு நீண்டு சென்னை சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. அந்தக் காகிதம் காலத்தால் உயில், உள்ளடக்கத்தால் டிரஸ்ட். இரண்டும் ஒன்றாக இருக்கச் சட்டத்தில் தடையில்லை. டிரஸ்டாகப் பார்த்ததால்தான் வட்டியோடு பெருகிய பணம் தனி ஆட்களிடம் போகாமல் தர்மத்திலேயே நின்றது. உபரியைக் கல்விக்குத் திருப்பக் கோர்ட் திட்டம் வகுத்தது. அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டனுக்கு அதில் முக்கியப் பங்கு உண்டு. 1842-இல் பள்ளி திறந்தது. பின்னாளில் அது கல்லூரியானது. எழுதியவர் நினைத்தது கோயிலைத்தானே என்று கேட்டால், நியாயமான கேள்விதான். ஆனால் கோயில் காரியங்களுக்கு உரியதை ஒதுக்கிய பிறகு மிஞ்சியதைத்தான் திருப்பினார்கள். அதை முடக்கி வைத்திருந்தால் அவர் விருப்பம் நிறைவேறியிருக்கும் என்று சொல்லமுடியாது.

இத்தனைக்கும் நடுவில் இந்துக்களின் உயில் செல்லுமா என்பதே தீரவில்லை. இந்து சட்டத்துக்கு ஒத்துப்போகும் அளவுக்கே செல்லும் என்றது 1829-ஆம் ஆண்டின் சென்னை ஒழுங்குமுறை. 1856-இல் லண்டனில் இருந்த மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் உயில் எழுதும் உரிமையை ஏற்றது. 1870-ஆம் ஆண்டின் இந்து உயில் சட்டம் சென்னை நகரத்தில் எழுத்தையும் சாட்சிகளையும் கட்டாயமாக்கியது. வெளியூர்களில் 1927 பிறக்கும்வரை வாய்மொழி உயிலே போதுமானதாக இருந்தது.

கல்வெட்டுக் கொடையை டிரஸ்ட் என்பது ஆங்கிலச் சட்டத்தைப் பழங்காலத்தின் மேல் ஏற்றுவதல்லவா? கனமான ஆட்சேபம்தான். 1921-இல் பிரிவி கவுன்சிலே, மடாதிபதி ஆங்கிலப் பொருளில் டிரஸ்டி அல்ல என்று தீர்ப்பளித்தது. 1882-ஆம் ஆண்டின் டிரஸ்ட் சட்டமும் பொது அறக்கொடைகளைத் தொடவில்லை. ஆகவே பெயரில் நான் பிடிவாதம் காட்டவில்லை. நான் சொல்வது உரிமையைக் கைவிடுவதைப் பற்றி. ஆட்டைக் கொடுத்தவர் அடுத்த வருஷம் மனம் மாறித் திரும்பக் கேட்கமுடியாது. உயில் எழுதியவர் கடைசி நாள்வரை மாற்றிக்கொள்ளலாம். இன்றும் செட்டில்மென்ட் என்ற பெயரில் வரும் பத்திரங்களில் வக்கீல்கள் மோதுவது இதே இடத்தில்தான். 1996-இல் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்த ஒரு வழக்கில், அனுபவிக்கும் உரிமையை ஆயுள்வரை தனக்கென்று நிறுத்திக்கொண்டு ஒரு தாய் மகளுக்கு எழுதிக்கொடுத்திருந்தார். சொத்தில் மகளுக்கு உரிமை அன்றே பிறந்துவிட்டது, ஆகவே அது உயில் அல்ல, அந்தத் தாய் பிறகு எழுதிய ரத்துப் பத்திரமும் செல்லாது என்று முடிவானது.